ஆர்புவா ஒயின்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் ஆர்புவா ஊர் ஒயினை முதன்முறை வாயில் வைத்தவர்கள் பலரும் கேட்பது "இது கெட்டுப்போச்சா?" என்றுதான். அங்கிருந்து கிளம்பும் சந்தேகங்களும் ஒரே தடத்தில்தான் போகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஆர்புவா எங்க இருக்கு? போர்தோ பக்கமா?

நேர் எதிர்த் திசை. போர்தோ தென்மேற்குக் கடலோரம். ஆர்புவா கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகில், ஜூரா மலையடிவாரத்தில் க்யூசான்ஸ் என்ற சிற்றாற்றின் கரையில் இருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். மேற்கே பிரெஸ் சமவெளியைத் தாண்டினால் பர்கண்டி வந்துவிடும். பர்கண்டி என்றால் சுண்ணாம்புக்கல்; ஆர்புவாச் சரிவுகளில் நீலமும் சாம்பலும் ஓடிய சுண்ணாம்புக் களிமண் அதிகம்.

சின்ன ஊர்தான், ஆனால் பேர் பெரிது. பிறப்பிடத்தைச் சட்டப்படி காக்கும் ஏஓசி சான்று 1936 மே 15 அன்று பிரான்சில் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற சில ஊர்களில் ஆர்புவாவும் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டில் ஜூரா முழுக்கச் சுமார் 20,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது. வேரைத் தின்னும் ஃபைலோக்செரா பூச்சியும், அதைத் தொடர்ந்து போர்களும் ஆள் பற்றாக்குறையும் வந்து அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கடையில் ஜூரா ஒயின் எளிதில் கண்ணில் படாததற்கு முதல் காரணம் இதுதான்: விளைவதே கொஞ்சம்.

என்னென்ன திராட்சை போடுறாங்க?

ஐந்து. கறுப்பில் பூல்சார், ட்ரூசோ, பினோ நுவார். வெள்ளையில் ஷார்தொனே, சாவன்யான். பூல்சாரும் சாவன்யானும்தான் இந்த மண்ணின் முகம். ட்ரூசோவுக்கு வெயிலும் சூடான சரளை மண்ணும் வேண்டும், அதனால் எல்லாச் சரிவிலும் வராது. ஷார்தொனே பல நூற்றாண்டுகளாக இங்கே இருக்கிறது. அதற்கு "மெலோன் தார்புவா" என்று உள்ளூர்ப் பெயரே உண்டு. சாவன்யானைச் சிலர் "நாத்யூரே" என்று லேபிளில் போடுவார்கள். வேறு திராட்சையோ என்று குழம்ப வேண்டாம்.

ரெண்டு வெள்ளை ஒயின் வாங்கினேன், ரெண்டுலயும் ஆர்புவான்னுதான் போட்டிருக்கு. ஒண்ணு எலுமிச்சை மாதிரி பளிச்சுனு இருக்கு, இன்னொண்ணு அக்ரூட் வாசனை தூக்குது. எது சரியான ஆர்புவா?

இரண்டும்தான். இந்த ஊர் வெள்ளை ஒயினில் இரண்டு வழிகள் இருக்கின்றன. மரப் பீப்பாயில் இருக்கும் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். குறைந்ததை அவ்வப்போது ஊற்றி விளிம்பு வரை நிரப்பி வைத்தால் காற்று படாது. பழ வாசனையும் புளிப்பும் அப்படியே நிற்கும். இந்த வழிக்கு "உய்யே" என்று பெயர். நிரப்பாமல் விட்டால் மேலே வெற்றிடம் விழும். அங்கே ஈஸ்ட் ஒரு மெல்லிய படலமாகப் படரும். அந்தப் படலத்துக்கு "வுவால்" என்று பெயர். அக்ரூட், காய்ந்த பழம், மசாலா வாசனைகள் அதற்குக் கீழேதான் பிறக்கின்றன.

வாங்கும்போது லேபிளில் "உய்யே", "ஃப்ளோரால்" என்று இருந்தால் பளிச்சென்ற வகை. "சூ வுவால்", "திப்பே", "த்ரதிசியோன்" என்றிருந்தால் படலத்துக்குக் கீழே இருந்தது, அல்லது அதில் ஒரு பங்கு கலந்தது. இப்படி எழுத வேண்டும் என்று சட்டம் இல்லை என்பதால் பல பாட்டில்களில் எதுவுமே இருக்காது. அப்போது கடைக்காரரிடம் "உய்யேயா, இல்லையா?" என்று கேட்டுவிடுங்கள். ஆர்புவா வெள்ளை வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். திராட்சை என்ன, வருடம் என்ன என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வான் ஜோன், மஞ்சள் ஒயின்னு சொல்றாங்களே, அதை எப்படித்தான் செய்றாங்க?

மேலே சொன்ன இரண்டாம் வழியின் உச்சம் அது. சாவன்யான் மட்டும்தான், வேறு திராட்சை சேர்க்கக் கூடாது. நன்றாகப் பழுத்த பிறகு, பெரும்பாலும் மற்ற திராட்சைகளுக்குப் பின்னால் பறிக்கிறார்கள். பிழிந்து, சர்க்கரை மிச்சமில்லாமல் நொதிக்கவிட்டு, சாதாரண உலர் வெள்ளை ஒயினாக முதலில் ஆக்குகிறார்கள். அதுவரை புதுமை எதுவும் இல்லை.

பிறகு 228 லிட்டர் பிடிக்கும் பழைய ஓக் பீப்பாயில், மேலே சில லிட்டர் அளவுக்கு இடம் விட்டு ஊற்றி அடைக்கிறார்கள். புதுப் பீப்பாய் ஆகாது; புது மரத்தின் வனிலா வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ பால் மேல் ஆடை படிவதுபோல ஈஸ்ட் படலம் படிகிறது. அதற்குப் பிறகு பீப்பாயை அசைக்கக் கூடாது, நிரப்பக் கூடாது, வேறு பீப்பாய்க்கு மாற்றக் கூடாது. படலத்தின் கீழ் குறைந்தது 60 மாதம் இருக்க வேண்டும். மொத்தத்தில் அறுவடைக்கு அடுத்த ஆறாம் வருடம் டிசம்பர் 15 வரை பாட்டிலில் அடைக்க முடியாது. 2018 அறுவடை என்றால் 2024 டிசம்பர் பாதிக்குப் பிறகுதான். "ஆறு வருடம் மூன்று மாதம்" என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

பீப்பாய் இருக்கும் இடமும் முக்கியம். மற்ற ஊர்களில் ஒயினுக்கு ஒரே சீரான குளிர்ச்சி தேடுவார்கள். வான் ஜோனுக்குக் கோடையில் சூடேறிக் குளிர்காலத்தில் குளிரும் அறை நல்லது. படலம் வெப்பத்தில் செழித்து, குளிரில் மெலிந்து கீழே விழுந்து, மறுபடி உயிர்க்கும். காற்றோட்டமான உலர்ந்த அறையில் தண்ணீர் வேகமாக ஆவியாகி ஆல்கஹால் ஏறும். ஈரமான நிலவறையில் ஆல்கஹால் இறங்கும். ஒரே தோட்டத்து ஒயின் இரண்டு அறைகளில் இரண்டு குணமாக வருவது இதனால்தான்.

காத்து பட்டா ஒயின் வினிகர் ஆயிடும்னு சொல்வாங்க. இது மட்டும் ஏன் ஆகலை?

ஆகும். ஆகவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் கைத்திறன் இருக்கிறது. படலத்தில் இருக்கும் ஈஸ்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தானே எடுத்துக்கொண்டு ஆல்கஹாலின் ஒரு பகுதியை அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது. பச்சை ஆப்பிள், பச்சை அக்ரூட் வாசனை அதிலிருந்து வருகிறது. ஈஸ்ட் முழுப் பரப்பையும் மூடியிருக்கும் வரை வினிகர் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. படலம் கிழிந்தாலோ, ஆரம்பத்திலேயே சரியாகப் படராவிட்டாலோ பாக்டீரியா நுழைந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு பீப்பாயையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். படலம் கலையாமலிருக்கப் பீப்பாயின் முகப்பில் சின்னக் குழாய் ஒன்றைப் பொருத்தி, பக்கவாட்டில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஆல்கஹால், அசிட்டால்டிஹைடு, ஆவியாகும் அமிலம் மூன்றும் பார்க்கப்படும். மூன்றாவது ஏறத் தொடங்கினால் அந்தப் பீப்பாயை உடனே வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ரொம்பத் தாமதித்தால் வினிகர்தான்.

பாட்டில் ஏன் 62 சென்டிலிட்டர்? ஏமாத்துறாங்களா?

இந்தக் குட்டையான, தோள் அகன்ற பாட்டிலுக்கு க்ளாவ்லான் என்று பெயர். ஒரு லிட்டர் ஒயினை ஆறு வருடம் நிரப்பாமல் விட்டால் மிஞ்சுவது 62 சென்டிலிட்டர் என்று விளக்கம் சொல்வார்கள். கேட்க அழகான கணக்கு. ஆனால் உண்மையான இழப்பு அறைக்கு அறை, பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒயின் பாட்டில் அளவுகள் வரையறுக்கப்பட்டவை. க்ளாவ்லானுக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், வான் ஜோனுக்காக மட்டும். விலை ஒப்பிடும்போது 75 சென்டிலிட்டர் பாட்டிலோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

வெந்தய வாசனை, கறிமசாலா வாசனை எல்லாம் வருது. உள்ளே ஏதாவது போடுறாங்களா?

எதுவும் போடுவதில்லை. அந்த மூலக்கூறுக்குப் பெயர் சோட்டோலோன். வெந்தயத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமும் அதே மூலக்கூறுதான், ஆகவே உங்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. படலத்துக்குக் கீழே சேரும் அசிட்டால்டிஹைடும், ஈஸ்ட் உடைந்து வெளிவரும் அமினோ அமிலத்திலிருந்து பிறக்கும் ஒரு கீட்டோ அமிலமும் மெதுவாக இணைந்து இது உருவாகிறது. மெதுவாக என்பதைக் கவனியுங்கள்: முதல் ஓரிரு வருடங்களில் ஆப்பிளும் பச்சை அக்ரூட்டும்தான் இருக்கும், வெந்தயம் பிந்தித்தான் வரும். வெந்தயம் தூக்கலாக இருந்தால் பீப்பாயில் நாள் பிடித்த ஒயின் என்று கொள்ளலாம்.

வெந்தயம் தாளித்த குழம்போடு இதை வைத்தால் பொருந்துமே என்று தோன்றும். வாசனை பொருந்தும், ஆனால் மிளகாய்க் காரமும் புளியும் ஒயினின் புளிப்போடு மோதும். காரம் குறைத்த, தேங்காய்ப்பால் சேர்த்த கோழியோ மீனோ என்றால் நன்றாக இருக்கும்.

அப்போ இது ஷெர்ரிதானே?

படலம் என்பது வரை ஒற்றுமை. ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர் ஃபினோ ஷெர்ரியில் திராட்சை பாலோமினோ. அதில் ஆல்கஹால் சேர்த்து 15 சதவிகிதம் அளவுக்கு ஏற்றுகிறார்கள். பல வருடத்து ஒயின்களை அடுக்கடுக்காகக் கலந்துகொண்டே போகிறார்கள். ஆர்புவாவில் வெளியிலிருந்து ஆல்கஹால் சேர்ப்பதில்லை. ஒரே வருட அறுவடை, லேபிளில் அந்த வருடம் இருக்கும். நாக்கில் முதலில் தெரிவது சாவன்யானின் புளிப்பு. பாலோமினோவில் அது கிடையாது.

சிவப்பு ஒயின்னு வாங்கினேன், ரோஸே மாதிரி வெளுத்திருக்கு. தண்ணி கலந்ததா?

அது பூல்சாராக இருக்கும். தோல் மெல்லியது, நிறமி குறைவு. தோலோடு இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தாலும் கண்ணாடிக் கோப்பைக்குப் பின்னால் வைத்த விரல் தெரியும். ஆர்புவாவை ஒட்டிய புப்பியான் கிராமத்தில் இதை "ப்ளூசார்" என்பார்கள். ஆர்புவா-புப்பியான் என்று தனிப் பெயரோடும் விற்பார்கள். ஆழ்ந்த நிறமும் மிளகு வாசனையும் வேண்டுமானால் ட்ரூசோ கேளுங்கள்.

பூல்சாரைத் திறந்ததும் கோழிப்பண்ணை, தீக்குச்சி வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். இந்தத் திராட்சைக்கு ஆக்சிஜன் போதாமல் மூச்சுமுட்டும் குணம் உண்டு. அகன்ற குடுவையில் வேகமாக ஊற்றி அரைமணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். பரிமாற 14 டிகிரி குளிர்ச்சி போதும். பரிமாறும் வரிசையும் இங்கே தலைகீழ்: ஆர்புவாவில் சிவப்பை முதலில் ஊற்றி, வெள்ளையைப் பின்னால் கொண்டுவருவார்கள். படலத்து வெள்ளையைக் குடித்த நாக்குக்குப் பூல்சார் வெறும் தண்ணீர்.

இனிப்பா எதுவும் கிடையாதா?

இரண்டு உண்டு. வான் த பாய்: நல்ல குலைகளைப் பொறுக்கி, வைக்கோல் மீதோ சட்டத்திலோ பரப்பி, அல்லது தொங்கவிட்டு, குறைந்தது ஆறு வாரம் காயவைக்கிறார்கள். சூடேற்றக் கூடாது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அடிக்கடி பார்த்து அழுகியதை எடுத்துவிட வேண்டும். 100 கிலோ பழத்துக்கு 15 முதல் 18 லிட்டர் சாறுதான் வரும். மூன்று வருடமாவது வைத்திருந்து, 37.5 சென்டிலிட்டர் சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள்.

இன்னொன்று மக்வான். அது ஒயினே அல்ல என்று சொல்லலாம்: நொதிக்காத திராட்சைச் சாறு இரண்டு பங்கு, பிழிந்த சக்கையிலிருந்து வடித்த சாராயம் ஒரு பங்கு, பிறகு ஓக் பீப்பாயில் குறைந்தது 10 மாதம். ஆல்கஹால் 16 முதல் 22 சதவிகிதம். சாப்பாட்டுக்கு முன் குளிரவைத்துச் சின்னக் கோப்பையில் கொடுப்பார்கள்.

வான் ஜோனை எப்படித் திறக்கணும்? திறந்தா எத்தனை நாள் தாங்கும்?

குளிர்பெட்டிக் குளிரில் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. 14 முதல் 16 டிகிரிதான் சரி. 8 டிகிரியில் புளிப்பும் காட்டமும் மட்டும் தெரியும், வாசனை பூட்டிக்கொள்ளும். சாப்பிடுவதற்குச் சில மணி நேரம் முன்பே, முடிந்தால் முந்தின நாளே தக்கையை எடுத்துவிடுங்கள்.

ஆறு வருடம் ஆக்சிஜனோடு பழகிய ஒயின், திறந்த பிறகும் அசையாது. தக்கையை மறுபடி செருகி, நிற்கவைத்து, குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரம் தாங்கும். ஆகவே இரண்டு பேர் இருக்கும் வீட்டிலும் தயங்காமல் திறக்கலாம். உய்யே வெள்ளைக்கும் பூல்சாருக்கும் இது பொருந்தாது. அவற்றை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

கோழியும் மோரெல் காளானும் போட்டுச் செய்வாங்களாமே? அவ்வளவு விலை ஒயினை வாணலியில ஊத்தணுமா?

முழுதும் ஊற்ற வேண்டாம். நான்கைந்து பேருக்கு ஒன்றரைக் கிலோ கோழி, 30 கிராம் காய்ந்த மோரெல், 30 சென்டிலிட்டர் கிரீம், 20 சென்டிலிட்டர் ஒயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோரெலை வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, மடிப்புகளில் உள்ள மணல் போக அலசி, வெண்ணெயில் நன்றாக வேகவிடுங்கள். வேகாத மோரெல் நஞ்சு. கோழித் துண்டுகளை வெண்ணெயில் பொன்னிறமாக்கி, விலை குறைந்த படலத்துச் சாவன்யானை ஊற்றிப் பாதியாக வற்றவிட்டு, கிரீமும் காளானும் சேர்த்து மெல்லிய தீயில் வேகவையுங்கள். இறக்குவதற்கு முன் இரண்டு மூன்று தேக்கரண்டி வான் ஜோன். வாசனைப் பொருள்கள் கொதியில் பறந்துவிடும் என்பதால் அதற்குப் பிறகு கொதிக்கவிடாதீர்கள்.

சமைக்க நேரமில்லையென்றால் 18 மாதமோ அதற்கு மேலோ பழுத்த கோம்தே பாலாடைக்கட்டியும் ஒரு கைப்பிடி அக்ரூட்டும் போதும். எங்களைக் கேட்டால் கோழியைவிட அதுதான் மேல்.

பாஸ்டர் இந்த ஊர்க்காரர்தானா?

லூயி பாஸ்டர் பிறந்தது 1822-இல், பக்கத்து ஊரான தோலில். வளர்ந்தது ஆர்புவாவில், அப்பா அங்கே தோல் பதனிடுபவர். க்யூசான்ஸ் ஆற்றை ஒட்டிய அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். பிரான்ஸ் ஒயின்கள் ஏற்றுமதியில் கெட்டுப்போவது ஏன் என்று ஆராயும்படி மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது பாஸ்டர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது இந்த ஊரைத்தான். ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு நுண்ணுயிர் காரணம் என்று காட்டி, 50 முதல் 60 டிகிரியில் சூடாக்கினால் அது நிற்கும் என்று கண்டார். பாலுக்கு நாம் சொல்லும் பாஸ்டர் முறை ஒயினில் தொடங்கியதுதான்.

1874-இல் ஊருக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினார். 1878-இல் அங்கே சில கொடிகளைப் பழம் முற்றும் முன்பே கண்ணாடிக் கூண்டுகளால் மூடினார். மூடிய குலைகளின் சாறு நொதிக்கவில்லை, திறந்திருந்தவை நொதித்தன. நொதிக்கவைக்கும் ஈஸ்ட் பழத்துக்குள்ளே தானாகப் பிறப்பதில்லை, வெளியிலிருந்து வந்து தோலில் ஒட்டுகிறது என்பதற்கு அது சான்று.

ஷத்தோ ஷலோன்தான் உசத்தின்னு கடைக்காரர் சொல்றாரு. ஆர்புவா வான் ஜோன் மட்டமா?

ஷத்தோ ஷலோன் என்பது தெற்கே இருக்கும் இன்னொரு ஊர். அங்கே அந்தப் பெயரில் வான் ஜோன் மட்டுமே செய்யலாம். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைப் பார்வையிடும். பழம் சரியில்லை என்றால் அந்த வருடமே பெயரைப் போட முடியாது. 1974, 1980, 1984, 2001 அப்படிப் போன வருடங்கள். கட்டுப்பாடு கடுமை என்பது உண்மை. ஆனால் பீப்பாய், படலம், காலக்கெடு எல்லாம் ஒன்றே. நல்ல ஆர்புவா உற்பத்தியாளரின் பாட்டில் சுமாரான ஷத்தோ ஷலோனைத் தாராளமாக மிஞ்சும்.

1774-ஆம் வருஷ பாட்டிலை இன்னும் குடிக்கலாமாம். கதையா, நிஜமா?

நிஜம். ஆர்புவாவைச் சேர்ந்த அனத்துவால் வெர்செல் என்பவர் செய்த 1774 வான் ஜோன் மூன்று பாட்டில்கள் 2018 மே மாதம் லோன்-லெ-சோனியே நகரில் ஏலம் போயின. ஒன்று 1,03,700 யூரோவுக்குப் போனது. 1994-இல் ஆர்புவாவில் அதே ஒயினைத் திறந்து சுவைத்த வல்லுநர்கள் பத்துக்கு 9.4 கொடுத்தார்கள். நல்ல வருடத்து வான் ஜோன் 50 வருடம் தாங்குவது சாதாரணம். புளிப்பும், ஆல்கஹாலும், ஏற்கெனவே ஆக்சிஜனைப் பார்த்துவிட்டதும் சேர்ந்து காக்கின்றன.

லேபிளில் வான் ஜோன்னு இல்லை, சாவன்யான்னு மட்டும் இருக்கு, விலை பாதி, ஆனா வாசனை அதே மாதிரி. போலியா?

போலி அல்ல. பீப்பாய்களைத் தனித்தனியாகச் சோதிப்பது பற்றி மேலே சொன்னோம் அல்லவா, இது அங்கிருந்து வருவது. சில பீப்பாய்கள் ஆறு வருடம் தாங்காது என்று தெரியும்போது மூன்று நான்கு வருடத்திலேயே எடுத்து, 75 சென்டிலிட்டர் பாட்டிலில் "சாவன்யான்" என்று விற்கிறார்கள். சிலர் ஷார்தொனேயோடு கலப்பார்கள். வெந்தயம் குறைவு, ஆப்பிள் அதிகம். முதன்முறை பழகுபவர்கள் வான் ஜோனுக்குப் போகாமல் இதில் ஆரம்பிப்பதே நல்லது. சமையலுக்கும் இதைத்தான் சொன்னோம்.

சரி, எல்லாமே வித்தியாசமாத்தான் இருக்கும்னா, நிஜமாவே கெட்டுப்போன பாட்டிலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அது உய்யேயா, படலத்ததா என்று தெரிந்துகொள்ளுங்கள். உய்யே வெள்ளையில் அக்ரூட் வாசனையும் பழுப்பு நிறமும் வந்தால் அது கேடு. தக்கை வழியே காற்று புகுந்திருக்கிறது. படலத்து ஒயினில் அதே அக்ரூட் இருக்க வேண்டிய குணம்.

நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி எந்த வகையில் வந்தாலும் கெட்டதுதான். அது வினிகர் பாக்டீரியாவின் வேலை, எவ்வளவு நேரம் ஆறவைத்தாலும் போகாது. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை தக்கையிலிருந்து வருவது, அதுவும் போகாது. பூல்சாரின் தீக்குச்சி வாசனையோ ஆறவைத்தால் போகும். சந்தேகம் என்றால் கோப்பையில் ஊற்றி ஒரு மணி நேரம் தள்ளி வைத்து மறுபடி முகருங்கள். குறைந்திருந்தால் குடிக்கலாம், கூடியிருந்தால் ரசீதோடு மிச்ச ஒயினையும் கொட்டாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.